ஓர சீட்டு அற்புதராஜ்

பென்சிலைக் காதில் செருகுவதற்கு முன் அற்புதராஜ் அதன் முனையை இடது சட்டைக் கையில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். அது நீல நிற மெழுகுப் பென்சில். அதனால் அவருடைய சட்டைகள் அத்தனையிலும் இடக்கைப் பக்கம் நீலக் கறை உண்டு. "சோப்பு போட்டும் போகல, ஜெபம் பண்ணியும் போகல. புக்கிட் பாஞ்சாங் பூரா பாக்குற மாதிரி ஜன்னல் மூங்கில்ல காயுது நம்ம மானம்" என்பது அவர் மனைவி உர்சுலாவின் புகார்.

நகரத்தில் ஆங்கிலப் படம் போடும் தியேட்டர் ஒன்றில் பதினெட்டு வருடமாக டிக்கெட் கொடுக்கிறார். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள். அதில் நாற்காலிகள் எல்லாம் கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கும். நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து விரலால் காட்டுகிற கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, எண்ணை டிக்கெட்டில் எழுதித் தருவார். அந்தப் பென்சிலை இன்னொருவர் தொடக் கூடாது. ஒருமுறை மேனேஜர் அவசரத்துக்குக் கை நீட்டியபோது, இவர் டிக்கெட் கூண்டைப் பூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் ஒரு பேனா வாங்கி வந்து கொடுத்தார். வரிசையில் நின்ற இருபது பேரும் காத்திருந்தார்கள்.

கூண்டுக்குள் உட்கார்ந்தே, எந்தப் படம் ஓடும், எது படுக்கும் என்று சொல்லக்கூடியவர் இவர். சுவரொட்டியைப் பார்க்க மாட்டார், பத்திரிகை விமர்சனம் படிக்க மாட்டார். முன்பதிவு தொடங்கிய முதல் நாளின் தாளை மட்டும் பார்ப்பார். குறிப்பாக, முகமூடி போட்டவன், வானத்தில் பறப்பவன், ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்குபவன் வகையறாப் படங்களில் இவர் கணக்கு தப்பியதில்லை. ஜப்பான்காரர்களின் ராட்சத வீரர்கள் வந்த காலத்திலேயே பிடித்துக்கொண்ட சூத்திரம் அது.

"நடுவுல ஒண்ணு ஒண்ணா நெறஞ்சா வாலிபப் பசங்க வராங்கன்னு அர்த்தம், தம்பி. அவனுங்க ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிடுவானுங்க. மூணு நாள் படம். ஓர சீட்டு கேட்டா அப்பன்காரன் வரான். ஏன் ஓரம்? புள்ளைக்கு ஒண்ணுக்கு வரும்லா! அந்தப் புள்ள மறுநாள் ஸ்கூல்ல போயி நாப்பது பேருகிட்ட சொல்லும். பறக்குறவன் ஆகாசத்துல நிக்கிறதும் கீழ விழுறதும் ஒண்ணுக்குப் போற புள்ளைங்க கையில இருக்கு."

ஒரு காலத்தில் இதைத் தேக்கா காப்பிக்கடையில் ஊரைக் கூட்டிச் சொல்வார். ஞாயிறு பூசை முடிந்து இவர் வந்து உட்கார்ந்தால் குறி கேட்க எட்டுப் பேர் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இப்போது யார் கேட்டாலும் "தெரியாது லா" என்று சொல்லிவிடுகிறார். பழக்கம் மட்டும் போகவில்லை. முதல் நாள் தாளின் பின்பக்கம் மூலையில், ஓடும் என்றால் சின்ன வட்டம், ஓடாது என்றால் படுக்கைக் கோடு. அது அவருக்கும் அந்தத் தாளுக்கும் மட்டும்.

வாயை மூடிக்கொண்டது எழுபத்தொன்பதில்.

நூர்தீன் இவருடைய நெருங்கிய சிநேகிதர். இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே கணக்கில் தோற்றவர்கள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து, கூரை ஒழுக ஒழுக நடத்திக்கொண்டிருந்தார் நூர்தீன். பள்ளி விடுமுறைக்கு அவருக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்று நாகப் பாம்புப் படம். மற்றது, நகரத்தில் வெளியாகும்போதே நூர்தீனுக்கும் தருவதாகச் சொன்ன, சிவப்புத் துண்டு கட்டிப் பறப்பவன் படம். அன்றே பதில் சொல்லியாக வேண்டும். விடுமுறை நன்றாகப் போனால் குத்தகை நீடிக்கும், இல்லாவிட்டால் இல்லை. காப்பிக்கடையில் எல்லோர் முன்னாலும், "ராஜு, நீ சொல்றதுதான். பறக்குறவனா, பாம்பா?" என்று கேட்டார்.

முன்பதிவு அப்போது தொடங்கவே இல்லை. தாள் அச்சகத்திலிருந்து வரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எட்டு நாற்காலிகள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சிலுவாருக்கு மேல ஜட்டி போட்டவன பாக்க எவன்லா வருவான்? மூணு நாள். பாம்ப எடு."

கடை முழுக்கச் சிரித்ததாம். நூர்தீனும் சிரித்தாராம். சாயங்காலம் பாம்பை எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து முன்பதிவு தொடங்கியது. முதல் தாளின் இரண்டு ஓரமும் மத்தியானத்துக்குள் நீலமாகிவிட்டன. அற்புதராஜ் சாப்பாட்டு நேரத்தில் நூர்தீனிடம் ஓடிப் போய்ச் சொன்னபோது, பறப்பவன் வேறு தியேட்டருக்குக் கைமாறியிருந்தான். நகரத்தில் பதினோரு வாரம். அந்த இன்னொரு தியேட்டரில் வரிசை சந்து திரும்பி நின்றது. பாம்பு நான்காம் நாள் பெட்டிக்குள் போனது. வருடக் கடைசியில் நூர்தீனின் தியேட்டர் மெத்தைக் கிடங்கானது. அவர் டாக்சி எடுத்தார். எந்தத் தியேட்டர் பக்கமும் வருவதை விட்டார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்தவனைக் கெடுத்துவிட்டது. "கேட்டவன் கண்ண பாக்கல தம்பி, சிரிக்கிறவன் வாய பாத்தேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஒரு வார்த்த திட்டியிருந்தா தேவல. ரோட்டுல பாத்தா ஹாரன் அடிச்சிக் கைய காட்டுறான். நல்லா இருக்கியா ராஜுன்னு கேக்குறான். அதான் தாங்கல." இதைக் கேட்டபோது, இவரைப் பற்றிக் கேலியாக எழுதலாம் என்று போன எனக்கு வெட்கமாகிவிட்டது. எட்டு வருடமாக ஓஃபியர் சாலைத் தேவாலயத்தில் இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்கிறாராம். இது பாவக் கணக்கில் வராது என்று சாமியார் சொல்லிவிட்டாராம். பாவம் இல்லையென்றால் மன்னிப்பும் இல்லையே என்பது இவர் கவலை.

இந்த விடுமுறைக்கும் பறப்பவன் வந்திருக்கிறான், புதுப் படத்தில். முன்பதிவின் முதல் நாள் பிற்பகல் நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலக் கோடுகள். ஓரங்கள் இரண்டும் வெள்ளையாகக் கிடந்தன. அற்புதராஜ் தாளைத் திருப்பி மூலையில் படுக்கைக் கோட்டைப் போட்டு, மறுபடி நேராக வைத்தார்.

அப்போது வெளியே ஒரு டாக்சி நின்றது. நரைத்த தாடியோடு இறங்கி வந்தவர் வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்தார்.

"அஞ்சு டிக்கெட்டு, ராஜு. பேத்திங்க நச்சரிக்குதுங்க. அதுங்க பாட்டி பதுருன்னிசாவும் வராளாம்."

அற்புதராஜ் எழுந்தே விட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"படம் ஓடுமா?" என்றார் நூர்தீன்.

"தெரியாது லா, நூரு."

"ஒனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

அதில் குத்தல் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அற்புதராஜாலும் முடியவில்லை என்று நினைக்கிறேன். அவர் கை பென்சிலோடு தாளின் மேல் நின்றது. எந்தக் கட்டத்துக்கும் போகவில்லை. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவர் தாளை நூர்தீன் பக்கம் திருப்பிக் கண்ணாடித் துவாரத்தின் வழியே பாதி வெளியே தள்ளினார். அதன்மேல் பென்சிலை வைத்தார்.

"நீயே போட்டுக்க."

நூர்தீன் பென்சிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஓரத்திலிருந்து தொடங்கி ஐந்து கட்டங்களில் கோடு இழுத்தார். பென்சிலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அதன் முனையைத் தன் இடது சட்டைக் கையில் ஒருமுறை துடைத்தார்.