தமிழில் வந்த படப்பெட்டி

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூன் மாதம்தான் நான் பெங்களூருக்கு வந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத் திருப்பத்தூரில் வேலையில்லாமல் இருந்தவளை, விவேக் நகரில் குடியிருந்த அக்கா வரச்சொன்னாள். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு கிடைத்தது. இருபத்தாறு பிள்ளைகள். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள், பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்கள், வீட்டில் ஊதுவத்தி உருட்டுகிறவர்களின் பிள்ளைகள். எனக்கு வயது இருபத்திரண்டு. கன்னடத்தில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். அதில் நான் அதிகம் சொன்னது 'கொத்தில்ல'. தெரியாது என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ், மளிகைக் கடையில் இரண்டும். என் வகுப்பில் ஒரு பெண் கட்டுரை நோட்டிலும் அப்படியே எழுதுவாள். 'எங்க மனெ முன்னாடி நாய் மரி ஹாக்கிச்சு' என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'எங்கள் வீட்டின் முன் நாய் குட்டி போட்டது' என்று பத்து முறை எழுத வைத்தேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். திட்டினாலும் வருத்தப்படாத பெண். அதனாலேயே எனக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல்.

நகரத்து மியூசியத்தில் மாதம் ஒருமுறை எங்களைப் போன்ற பள்ளிகளைக் கூப்பிடுவார்கள். ஓவியக் கூடத்தைச் சுற்றிக் காட்டி, பின்பக்கத்து ஹாலில் ஒரு படம் போட்டு, அதன்பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து வரையச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும் உண்டு. அதை நடத்தியவர் நடுவயதுக் கன்னடக்காரப் பெண்மணி. எல்லோரும் அவரை மேடம் என்றே கூப்பிட்டார்கள். தமிழ் பேசுவார், கன்னடம் கலந்த தமிழ். டிசம்பர் மாதத்துக்கு எங்கள் பள்ளியைக் கூப்பிட்டபோது, "உங்க பசங்களுக்கோஸ்கர தமிழ்ப் படமே கேட்டிருக்கேன், டீச்சர்" என்றார். அரசாங்கச் செய்திப்படங்கள் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனிப் பெட்டியில் வரும். எங்களுக்காகத் தமிழ்ப் பெட்டி வந்திருந்தது.

புறப்படும்போது தலைமை ஆசிரியர், "தண்ணி விஷயம் கொஞ்சம் சூடா இருக்கும்மா. மத்தியானத்துக்குள்ள திரும்பிடுங்க" என்றார். காவிரித் தண்ணீர் பற்றி இரண்டு வாரமாகவே பேப்பரில் வந்துகொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். உண்மையில் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த ஊரில் நான் முதல் தடவையாக மியூசியத்துக்குப் போகிறேன் என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அவர் சொன்னதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

காலையில் ஒன்றும் தெரியவில்லை. சிட்டி பஸ்ஸில் போனோம். ஓவியக் கூடத்தில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பெரிய பெரிய படங்களின் முன்னால் போய், இது கோயில் மாதிரி என்று நினைத்தோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பதினொரு மணிக்கு மேல் ஹாலுக்குள் போனோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. பின்னால் ஒரு மேஜைமேல் புரொஜெக்டர். அதை ஓட்டியவர் சிவாஜி நகர்க்காரர், வாய் திறந்து அதிகம் பேசாத முஸ்லிம் பெரியவர். படம் மீனவர்களைப் பற்றியது. கடலையே பார்த்திராத பிள்ளைகள், முதல் அலை திரையில் எழும்பியதும் "ஓ" என்று கத்தினார்கள். ரேடியோவில் செய்தி வாசிப்பது போன்ற கனமான குரல் தமிழில் விளக்கிக்கொண்டு போனது.

படம் பாதி ஓடியிருக்கும். வாட்ச்மேன் வந்து மேடத்தைக் கூப்பிட்டான். அவர் போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். என் பக்கத்தில் குனிந்து, காதோடு சொன்னார்.

"டீச்சர், வெளிய கலாட்டெ. பஸ் எல்லாம் நின்னு போச்சு. தமிழ்நாட்டு வண்டிங்கள உடைக்கறாங்களாம், கடைங்களையும். உங்க ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணினேன், யாரும் எடுக்கல்ல."

"நான் பசங்களக் கூட்டிட்டுப் போயிடறேன் மேடம். நடந்தே போயிடுவோம்."

"பேடா, பேடா. இருபத்தாறு பசங்க ரோட்ல தமிழ் பேசிகிட்டு போனா என்ன ஆகும்? இங்கயே இருங்க. பயப்படபேடி." பின்னால் திரும்பி, படம் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. திரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளைகளின் தலைகளை எண்ணினேன். இருபத்தைந்துதான் வந்தது. மறுபடி எண்ணினேன், இருபத்தாறு. ஏதோ ஒரு பெற்றோரிடம் போய் உங்கள் பிள்ளையைக் காணோம் என்று சொல்வது போல மனதுக்குள் ஓடியது. அதைத் துரத்த மறுபடி எண்ணினேன்.

இரண்டாம் முறை படம் ஓடும்போது ரோட்டிலிருந்து சத்தம் கேட்டது. கோஷம். என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. கிட்டே வருகிறது என்பது மட்டும் புரிந்தது. கேட் தகரம் அதிர்ந்தது. வாட்ச்மேன், மியூசியம் மூடிவிட்டோம் என்று கெஞ்சுவது கேட்டது. மூடிவிட்டால் உள்ளே என்ன சத்தம் என்று ஒருவன் கேட்டான். ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு, பேச வராவிட்டாலும் அந்த அளவுக்குக் கன்னடம் எனக்குப் புரிந்தது. ஹால் முழுக்க அந்தக் கனத்த தமிழ்க்குரல் கட்டுமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

மேடம் ஓடினார். "சவுண்டு! சவுண்ட நிறுத்தி!"

ஆபரேட்டர் பெரியவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. குரல் அறுந்தது. படம் மட்டும் சத்தமில்லாமல் ஓடியது, புரொஜெக்டர் கடகடவென்று சுற்றுவது மட்டும் கேட்டது. மேடம் திரைக்கு முன்னால் போய் நின்றார். அலை அவர் முகத்திலும் புடவையிலும் ஓடியது. கன்னடத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார், சத்தமாக, பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி. நான் பிள்ளைகளிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர்களுக்கு எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள். என்னைவிட அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். முன்னால் வந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். கட்டம் போட்ட சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு கட்டை. ஊரே மூடிக் கிடக்கிறது, எதற்காக மியூசியத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று மேடத்திடம் கேட்டான். சின்னப் பிள்ளைகள், பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள் என்றார் அவர். குரல் நடுங்கவில்லை. அவன் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தான். சுவரோரம் நின்ற என்மேல் கண் நின்றது.

"நீவு டீச்சரா? யாவ ஸ்கூலு?"

நீங்கள் டீச்சரா, எந்தப் பள்ளி என்கிறான். கேள்வி புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை பதில் போதும். ஆனால் வாயைத் திறந்தால் திருப்பத்தூர் வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உதடு ஒட்டிக்கொண்டது. என்னால் இந்த இருபத்தாறு பேரும் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை, சிக்கல் நான்தான் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

இரண்டாவது வரிசையில், கட்டுரை நோட்டில் கன்னடம் கலந்து எழுதும் அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"நம்ம மிஸ்ஸுகெ கண்ட்லு கட்டிகொண்டிதெ, அண்ணா. மாத்தாடக்காகல்ல."

எங்கள் மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, பேச முடியாது என்கிறாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். எந்தப் பள்ளி என்று அவளிடமே கேட்டான். ராஜாஜிநகர் சர்க்கார் பள்ளி என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல். பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையிடம் பெயர் கேட்டான். அதுவும் ஏதோ ஒரு கன்னடப் பெயரைச் சொன்னது. நான் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அவன் உடனே போய்விடவில்லை. திரையைப் பார்த்தான். ஒரு படகு அலைமேல் ஏறி, செங்குத்தாக நின்று, கீழே விழுந்தது. அவனோடு வந்தவர்களும் பார்த்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் போல நீளமான நேரத்தை நான் பிறகு கண்டதில்லை. கடைசியில் அவன், பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வெளியேறினான். போகிற போக்கில் யாரோ முன்வாசல் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியை உடைத்தார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் ஒரு குழந்தை அழுதது.

கேட் சாத்தப்பட்டதும் மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேட்டர் பெரியவர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முன்வரிசைப் பொடியன் ஒருவன் என் முந்தானையை இழுத்தான்.

"மிஸ், நெசமாவே தொண்ட கட்டிக்கிச்சா?"

பதில் சொல்லப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

நாலு மணிவாக்கில் ரோடு கொஞ்சம் அடங்கியது. ஓவியங்கள் ஏற்றிப்போகும் மெட்டடார் வேன் ஒன்று இருந்தது, பின்பக்கம் ஜன்னல் இல்லாதது. டிரைவர் அன்று வரவில்லை. ஆபரேட்டர் பெரியவர் ஓட்டினார், மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் சாக்குகளுக்கு நடுவில் இருபத்தாறு பிள்ளைகளும் நானும். கதவை மூடியதும் இருட்டு. யாரும் பேசக் கூடாது என்று சைகை காட்டினால் இருட்டில் யாருக்குத் தெரியும்? ஒருத்தி "ஒந்து" என்று ஆரம்பித்தாள். "எரடு, மூரு" என்று மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நூறுவரை கன்னடத்தில் எண்ணினார்கள். முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

வழியில் ஒருமுறை வண்டி நின்றது. யாரோ பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினார்கள். டயர் எரியும் நாற்றம் உள்ளே வந்தது. பிள்ளைகள் நிறுத்தவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் ஏறியது. ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு என்று அவர்கள் சொல்ல, நான் உதட்டை மட்டும் அசைத்தேன். ஒரு குழந்தை என் மடியில் சிறுநீர் கழித்துவிட்டது. அது குழந்தையா நானா என்று முதலில் சந்தேகமாக இருந்தது. முன்னால் மேடம் யாரிடமோ கன்னடத்தில் பேசுவது கேட்டது. வண்டி நகர்ந்தது.

ஒக்கலிபுரம் ரயில் பாலத்தடியில் போலீஸ் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் தாய்மார்கள். கதவு திறந்ததும் பெயர் சொல்லிக் கத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிக் கையில் கொடுத்தேன். மேடத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது. ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

ஊரடங்கு போட்டுவிட்டார்கள். விவேக் நகருக்குப் போக வழியில்லை. அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஒரே அறை. மூலையில் ஊதுவத்திக் கட்டு அடுக்கியிருந்தது.

"பயப்படாதீங்க மிஸ். எங்க கூடவே இருங்க. எங்களுக்கு ஆனதுதான் உங்களுக்கும்" என்றாள்.

அது தைரியம் சொல்வதாகவும் இருந்தது, இன்னும் பயமுறுத்துவதாகவும் இருந்தது. மூன்று நாள் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா தினம் காலையில் பால் கொண்டுவந்து கொடுத்தார். எங்களை வெளியே வரவேண்டாம் என்றார். வெளியே பாத்திரம் விழுந்தாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். அந்தப் பெண் என்னையே பார்ப்பாள். அவளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று பலமுறை வாய்வரை வந்தது. பொய் சொல்லக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள், சொன்ன பொய்க்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். நான்காம் நாள் ஊரடங்கைத் தளர்த்தியபோது அக்கா புருஷன் நடந்தே வந்து என்னைக் கூட்டிப்போனார். அக்கா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டுப் பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது ஏழு பிள்ளைகள் வரவில்லை. குடும்பத்தோடு தர்மபுரி, ஆம்பூர் என்று போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் வந்தாள். அடுத்த வருஷம் கன்னட மீடியத்தில் சேர்ந்துவிட்டாள். அக்கா என்னை ஊருக்குப் போகச் சொன்னாள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் தமிழ்ப் பத்திரிகையை இங்கிலீஷ் பேப்பருக்குள் மடித்து வைத்துப் படித்தேன். கன்னடம் கற்றுக்கொண்டேன். ஆசையால் அல்ல, பயத்தால்தான். ஆனாலும் வந்துவிட்டது.

மியூசியத்திலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் வேறு டீச்சரை அனுப்பச் சொல்லித் தலைமை ஆசிரியரைக் கெஞ்சுவேன். இரண்டு வருஷம் கழித்து, வேறு ஆள் இல்லாமல் நானே போக வேண்டியதாயிற்று. மேடம் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கன்னடத்தில் பேசினேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா, டீச்சர்? சுறா மீன காட்டிட்டு, இது தண்ணியில முட்ட போட்டு குஞ்சுகளுக்குப் பால் குடுக்கும்னு சொன்னேன். பயத்துல வாயில வந்தத எல்லாம் சொன்னேன். அந்த ஆளுங்களும் நம்பிட்டாங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சொல்லாமல் விட்ட நன்றியை அப்போது சொன்னேன். "அதெல்லாம் ஏன், விடுங்க" என்று பிள்ளைகளை ஹாலுக்குள் அனுப்பினார்.

விளக்கை அணைத்தார்கள். நான் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். படம் முடியும்வரை நான் கதவுக்குக் கீழே தெரிந்த வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் யாருடைய கால் நிழலாவது விழுகிறதா என்று.