ரிப்பேர் என்றால் ஓடாது

ஆங்கிலத்தில் 'ரிப்பேர்' என்றால் பழுதைச் சரிசெய்வதாம். இருந்துவிட்டுப் போகட்டும். மதுரையில், காளவாசல் சிக்னலில் வியர்க்க விறுவிறுக்க பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவரைக் கேளுங்கள். "வண்டி ரிப்பேருண்ணே" என்பார். சரிசெய்த வண்டியை ஏன் தள்ளுகிறீர்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் ரிப்பேர் என்றால் கெட்டுப்போனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.

அவனியாபுரத்தில் நைட்டி தைக்கும் சின்ன யூனிட் ஒன்றில் துணி வெட்டும் பிரிவு என் பொறுப்பு. ஒருநாள் வெட்டும் மெஷினில் பிளேடு சிக்கி, மோட்டாரில் கருகல் வாடை வந்தது. உடனே நிறுத்தி, ஓர் அட்டையில் ஆங்கில எழுத்தில் 'ரிப்பேர்' என்று பெரிதாக எழுதி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள், சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் சுவிட்சைப் போட்டு மோட்டாரைப் புகைய வைத்துவிட்டு, நான் தப்பாக எழுதியதால்தான் என்று கத்தினார்.

மறுநாள் காலை ஒரு கடிதத்தை என்முன் நீட்டினார். 'எனக்கு ஆங்கிலம் தெரியாததால் தவறாக எழுதிவிட்டேன்' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். இல்லையென்றால் நாளை முதல் வரவேண்டாம். என் சம்பளத்தில்தான் வீடே ஓடிக்கொண்டிருந்தது.

"போட்ருங்கக்கா, எதுக்கு வம்பு?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. தப்பு செய்திருந்தால் காலில்கூட விழுவேன். செய்யாத தப்புக்கு ஒரு புள்ளிகூட வைக்கமாட்டேன்.

"ரிப்பேர்னா சரி பண்ணியாச்சுன்னு அர்த்தம்மா. டிக்‌ஷனரில பாருங்க" என்றார் மேனேஜர்.

"ராத்திரியே பாத்துட்டேன் சார். சரி பண்றதுன்னுதான் போட்ருக்கு, பண்ணியாச்சுன்னு போடல. முடிச்சிருந்தா 'ரிப்பேர்டு'ன்னுல எழுதியிருப்பேன்? கடைசில ஒரு 'டு' வரும்ல?"

அவர் செல்போனைப் பார்த்தார். நான் விடவில்லை.

"உங்க பைக் ரிப்பேர்னா ஏறி ஓட்டுவீங்களா சார், தள்ளுவீங்களா?"

"ரொம்பப் பேசுறீங்க."

"ஆமா சார். இம்புட்டு நாளு பேசாம இருந்ததுதான் தப்பு."

கடிதத்தை வாங்கினேன். அந்த ஆங்கில வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே தமிழில் எழுதினேன்: 'மெஷின் ஓடாது என்று எழுதி மாட்டியது நான். அதைப் படித்தவர் ஓட்டினார்.' கையெழுத்துப் போட்டேன். நானே கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன்.

முதலாளி இங்கே பக்கத்து மேலூர்க்காரர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். நடந்ததை என்னிடம் கேட்டுக்கொண்டார்.

"நீ போயி வேலயப் பாரும்மா" என்றவர், மேனேஜரைக் கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, ரிப்பேர்னு அம்புட்டுப் பெருசா எழுதி மாட்டியிருக்கு. அதப் பாத்துட்டுமா சுவிட்சப் போட்டீக?"