தகரச் சத்தம் வந்தால்தான் பஸ் கிளம்பும்

மேகமலைக்கு ஏறும் அந்த பஸ்ஸின் டிரைவர், வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். தேயிலைத் தோட்டங்களைக் காட்டுவதற்காகச் சின்னமனூர் நண்பர்கள் இருவர் என்னை அதில் அழைத்துப் போனார்கள். ஆளே நிற்காத ஒரு வளைவில் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, இரண்டு முறை ஹாரன் அடித்தார். கீழே ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து தகரம் தட்டும் சத்தம் வந்த பிறகே கியரைப் போட்டார்.

“யாருக்குண்ணே ஹாரன்?” என்று கேட்டேன்.

“அங்கன ஒரு பெரியவரு தனியா காவலுக்கு இருக்காக. யானை நடமாடுற எடம். நல்லா இருந்தா தட்டுவாக.”

“இதுக்கெல்லாமா பஸ்ஸ நிப்பாட்டுவாக?” என்று நண்பர்களில் ஒருவன் முணுமுணுத்தான்.

நாள் முழுக்கத் தேயிலைச் சரிவுகளில் சுற்றிவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் மலை இறங்கினோம். எங்கும் மூடுபனி. அந்த வளைவில் டிரைவர் நிறுத்தி ஹாரன் அடித்தார். சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தும் வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு சரிவில் இறங்கினார். காலையில் முணுமுணுத்தவன்தான் முதல் ஆளாக அவர் பின்னால் ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் திரும்பினார்கள். “ரேடியோ சத்தத்துல காதுல விழலையாம்” என்றார் டிரைவர்.

ஆனால் சீட்டில் உட்கார்ந்ததும் மறுபடி இரண்டு முறை ஹாரன் அடித்தார். கீழே தகரம் ஒலித்தது. அப்புறம்தான் பஸ் நகர்ந்தது.

நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தச் சத்தம் எதற்கு என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.