கறுப்பு மூலை

அரியலூர் பழைய பேப்பர் கடையில், பம்பாய்க் கடற்கரைப் படம் போட்ட தபால் அட்டையைப் பார்த்ததும் கையில் எடுத்தேன்.

தொண்ணூற்றெட்டில், என் ஒன்பதாவது வயதில், இதே படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூலையில் முத்திரை மை கறுப்பாக அப்பியிருந்தது.

"மூலை கறுப்பா இருக்கு, எழவுக் கார்டுடி! வூட்டுக்குள்ள கொண்டாராத. வாசல்லயே படிச்சுட்டுக் கிழிச்சிரு," என்றாள் படிக்கத் தெரியாத அம்மா.

பயத்தில் நான் படிக்காமலே கிழித்து வீசினேன். பாதியைக் காற்று கொண்டுபோனது. காலடியில் விழுந்த துண்டில், சண்டை போட்டுவிட்டுப் போன அப்பாவின் கையெழுத்து: 'கீழே உள்ள விலாசத்துக்குப் பதில் போட்டால் வந்துவிடுகிறேன். போடாவிட்டால் வரமாட்டேன்.'

கீழே விலாசம் இல்லை.

"யாருடி செத்தது?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

கடையில் அட்டையைத் திருப்பினேன். யாரோ யாருக்கோ எழுதியது. விலாசம் முழுதாக இருந்தது.