கேப்டனுக்கு வாசித்த மெட்டு

என் மாமா நல்ல திடகாத்திரமாக நடந்துவரும்போதே, அவருக்கு முன்னால் சாவு மெட்டு வாசித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கோபம் இன்றைக்கும் முழுசாகத் தணிந்தபாடில்லை.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன்தான் முடியாமல் இருந்தது. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். பகலில் துறைமுகத்தில் குமாஸ்தா, சாயங்காலமானால் கால்பந்து. அவர் ஆடிய இடம் சென்டர் ஹாஃப், அதாவது மைதானத்தின் நட்டநடு. எதிராளி கொண்டுவரும் பந்தைப் பிடுங்கி, முன்னால் நிற்பவனின் காலடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவன் கோல் அடிப்பான், மறுநாள் பேப்பரில் அவன் பேர் வரும். இந்த அநியாயத்தைப் பற்றி நான் வீட்டில் பலமுறை பொருமியிருக்கிறேன். மாமா சிரித்துக்கொண்டே காலை நீட்டுவார். பூட்ஸ் போடாமல், கணுக்காலில் நீளத் துணிப்பட்டி கட்டிக்கொண்டு ஆடிய காலம் அது. அந்தப் பட்டிகளை அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து, அடுத்த ஆட்டத்துக்கு இறுக்கிச் சுருட்டி வைப்பது என் வேலை. வேறு யாரையும் தொடவிட மாட்டேன்.

பல வருஷம் கேப்டனாக இருந்தவரை ஒருநாள் கூப்பிட்டு, இனிமேல் நீ கேப்டன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம், கிளப் செக்ரட்டரிக்குப் புதிதாக ஒரு மருமகன் வந்திருந்தான். பூட்ஸ் போட்டு ஆடுவான், இங்கிலீஷில் திட்டுவான். அவனிடம் போன பந்து யாருக்கும் திரும்பி வராது. மாமா ஒரு வார்த்தை பேசாமல் அவன் சொன்னபடி ஒரு வருஷம் ஆடிவிட்டு, முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று விலகிக்கொண்டார். ஆனால் மைதானத்து ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர்கள் இருந்தார்களே, அவர்கள் கடைசிவரை மாமாவைத்தான் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். மருமகன் பக்கத்தில் நிற்கும்போது கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டார்கள்.

மாமாவின் கடைசி ஆட்டம் முடிந்த அன்று கிளப்பில் தேநீர் விருந்து. அம்மாவுக்கும் எனக்கும் பின்வரிசையில் இடம் கொடுத்தார்கள். செக்ரட்டரி எழுந்து, கிளப்புக்குக் கூரை போட்டது தான்தான், வேலி போட்டது தான்தான் என்று விஸ்தாரமாகப் பேசிவிட்டு, கடைசியில் ஞாபகம் வந்தவராக மாமாவின் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார். மெம்பர் கார்டு இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாதாம். மழையிலும் வெயிலிலும் தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருத்தரிடம்கூடக் கார்டு இல்லை. எனக்குக் கொடுத்த கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

மாமா வெளியே வந்தபோது கேட்டருகே ஒரு பெரிய கூட்டம் காத்திருந்தது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தும் மீர்சாகிப்பேட்டையிலிருந்தும் நடந்தே வந்திருந்தார்கள். கழுத்து மறைய மாலை போட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் தோல்பெட்டிக் கடை பாய். மாமா ஆடும் நாளில் கடையைப் பூட்டிவிட்டு வருகிற மனிதர். எங்கள் கோயில் பேண்டையே அவர் வாடகைக்கு அமர்த்தியிருந்தார். வீடுவரை ஊர்வலம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் மரியாதை, செக்ரட்டரி பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. அம்மா முகம் வெளுத்துப்போனது.

பெரிய வெள்ளிக்கிழமையன்று மரித்த ஆண்டவரின் சொரூபத்தைத் தூம்பா என்கிற அலங்காரப் பாடையில் கிடத்தித் தெருவில் தூக்கிப்போகும்போது வாசிக்கிற மெட்டு அது. எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில் யாராவது செத்தால் கல்லறைக்குப் போகும் வழியிலும் அதைத்தான் வாசிப்பார்கள்.

"சேசுவே! உசுரோட இருக்கிற புள்ளைக்கு இன்னாத்த வாசிக்கிறீங்க மாஸ்டர்?" என்று அம்மா பாய்ந்தாள்.

பேண்டு மாஸ்டர் நெளிந்தார். "நான் சொன்னேன்க்கா, கேட்டாத்தானே. இதான் வோணும்னு பாய் ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "வருஷா வருஷம் எங்க கடை வழியாத்தானே உங்க சாமி போவுது? எம்மாஞ் சனம், எம்மாம் மருவாதி! அப்ப இதத்தான வாசிக்கிறாங்கோ? சாமிக்கு வாசிச்சா நம்ம கேப்டனுக்கு வாசிக்கக் கூடாதா?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாண மெட்டு வந்திருக்கும். மாமா மாலையைச் சரிசெய்துகொண்டு, "அவங்க கேட்டதையே வாசிங்க மாஸ்டர்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கேப்டன் பதவியைப் பிடுங்கியபோது வாயைத் திறக்கவில்லை, இப்போதும் திறக்க மாட்டாரா? தெருவில் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள், பிறகு மாமாவைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். மெட்டு மெதுவானது, கூட்டமும் மெதுவாக நடந்தது. மைதானத்தில் ஊரைக் கூட்டுகிறவர்கள் ஒருவரும் கத்தவில்லை. பாய் குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்த ஆளுக்கு என்ன வந்தது, என் மாமாவுக்கு என்ன ஆகிவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மாமா மட்டும் பேண்டுக்குப் பின்னால் அடி பிசகாமல் நடந்தார், அந்த மெட்டைத் தெரிந்தவர்கள் நடக்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம், "உங்களைச் செத்தவங்க கணக்கில் சேத்துட்டாங்க, நீங்க பாத்துக்கிட்டே வர்றீங்க" என்று கத்தினேன். அவர் உட்கார்ந்து காலை நீட்டினார். கோபத்தோடேயே பட்டிகளை அவிழ்த்து, துவைத்து, கொடியில் போட்டேன்.

மறுநாள் அவை காய்ந்ததும், எப்போதையும்விட இறுக்கமாகச் சுருட்டி அவரிடம் கொண்டுபோய், "அடுத்த ஆட்டம் என்னிக்கு மாமா?" என்று கேட்டேன். சனிக்கிழமைக்குள் தயாராக இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

மாமா இரண்டு சுருளையும் வாங்கி, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"நல்லா சுத்தியிருக்க" என்றார்.