சிவப்பியின் கால்

வட்டக்கச்சி சுமித்திராவுக்கு வாய் ஓடத் தொடங்கினால் கை மறந்துவிடும். கிழமை நாட்களில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளைச் சனசமூக நிலையத்தில் கூட்டி ஏதாவது செய்யப் பழக்குவாள். குடை, சாப்பாட்டுப் பெட்டி என்று அவள் எதையாவது தொலைக்காத கிழமை இல்லை. அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை.

மெழுகுதிரி செய்வதாகச் சொன்ன சனிக்கிழமை, அச்சுகள் இருந்த பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்ணோடு பரந்தனில் தொடங்கிய கதை இறங்கும்போதும் முடியவில்லை. கொதிநீர்ச் சட்டிக்குள் தகரப் பேணியை வைத்து மெழுகை உருக்கிய பிறகுதான் பையின் நினைவே வந்தது.

"பிள்ளையள், அச்செல்லாம் பஸ்ஸோட போட்டுது."

"அப்ப உருக்கின மெழுகை என்ன செய்யிறது அக்கா, குடிக்கிறதோ?" என்றான் கோகுலன்.

யதுர்ஷிகா யன்னலால் எட்டிப் பார்த்தாள். மதில் கட்டக் கொட்டியிருந்த மணல் மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. "அக்கா, மணலிலை அச்சுப் பதிச்சு ஊத்துவமே?"

எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள். யதுர்ஷிகா ஒரு மாங்காயை அமுக்கி எடுத்தாள். கோகுலன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலையே பதித்தான். திரிநூலை ஈர்க்கில் கட்டிக் குழிகளின் மேல் தொங்கவிட்டு, சுமித்திரா மெழுகை வார்த்தாள். மிஞ்சியதை, ஓரத்தில் தானாகவே கிடந்த ஒரு பள்ளத்தில் ஊற்றினாள்.

ஆறியதும் தோண்டினார்கள். கோகுலனின் கால் ஐந்து விரலோடும் எழுந்து வந்தது. "இதைக் கொளுத்தினா எனக்குச் சுடும் போல கிடக்கு!" என்றான். ஓரத்துப் பள்ளத்திலிருந்து வந்தது, நடுவே பிளந்த ஒரு மாட்டுக் குளம்பு.

சிரிப்புச் சத்தம் கேட்டு அடுத்த வளவு வடிவம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எடி பிள்ளை, இது எங்கட சிவப்பியின்ர காலெல்லே! விடிய கயித்தை அறுத்துக்கொண்டு வந்தவள்." கும்பிட்டு வாங்கிக்கொண்டுபோய்ச் சாமிப்படத்தடியில் வைத்தார்.

"கொளுத்தேல்லையோ மாமி?" என்று வேலிக்கு இப்பால் நின்று கேட்டாள் சுமித்திரா.

"லட்சுமியின்ர காலை ஆரும் கொளுத்துவினமோ?"

அடுத்த சனிக்கிழமை பசுவோடு வந்து நின்றார். "ஒரு காலிலை லட்சுமி எப்பிடி நிக்கிறது? மற்ற மூண்டையும் செய்து தாங்கோ."

சிவப்பி மணலில் கால் வைக்கவே மாட்டேன் என்றது. கோகுலன் முன்னால் புல்லைக் காட்டினான். யதுர்ஷிகா பின்னால் தட்டினாள். சுமித்திரா கயிற்றை இழுத்த இழுப்பில் மாடு அசையவில்லை; அவள்தான் மணலில் பொத்தென்று குந்திவிட்டாள்.

"அக்கா, ஆடாதேங்கோ! அச்சு நல்லா விழுந்திருக்கு!" என்று கத்தினாள் யதுர்ஷிகா.