கருப்புப் பட்டைக்கு இடப்பக்கம்

நாலாவது சுற்றிலும் அந்தப் பெண் கருப்புப் பட்டைக்குள்ளிருந்துதான் வந்தாள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல். ஒரு நொடி முன்பு தெரு காலியாக இருந்தது. மறு நொடி பேருந்தின் மூக்குக்கு நேரே அவள். நோர்பர்ட் பாவ்லக் பிரேக்கை மிதித்தார். ஸ்பீக்கரில் டயர்கள் கிறீச்சிட்டன. அவள் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனாள்.

மதியம் மூன்று மணி. நிலவறைக்கு ஜன்னல் கிடையாது. மூன்று திரைகளின் வெளிச்சம்தான் அங்கே பகல்.

நோர்பர்ட்டுக்கு ஐம்பத்தாறு வயது. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் இருபத்தேழு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். கடைசிப் பதினோரு வருடம் நாற்பத்தொன்பதாம் தடம். காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், சீருடையைக் கழற்றிவிட்டு நிலவறைக்கு இறங்கி அங்கேயும் பேருந்து ஓட்டுவார். விளையாட்டுதான். ஆனால் ஸ்டீயரிங் அசல் அளவு, பெடல்கள் இரும்பு, இருக்கை உடைப்புக்குப் போன பழைய பேருந்திலிருந்து கழற்றியது.

“மேல எட்டு மணி நேரம் பஸ், கீழ ரெண்டு மணி நேரம் பஸ்” என்பாள் மனைவி குட்ரூன். “கனவுலயாவது டிப்போவுல விட்டுட்டு வா.”

இதுவரை ஒரே திரையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு வாரத்துக்கு முன்புதான் இன்னும் இரண்டு வாங்கி, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி சாய்த்து வைத்தார். அன்று சாயங்காலமே பிடரியில் ஒரு தலைவலி பிடித்து, மறுநாள் வரை விடவில்லை. மூணு திரையையும் ஒரேயடியாய் முறைத்துப் பார்த்தால் அப்படித்தான் என்றாள் குட்ரூன். நோர்பர்ட்டும் அதையே நம்பினார். கணினி சூடாகி அடுப்பு மாதிரி ஊதியது. படம் சில சமயம் திக்கியது. கழுத்து வலித்தது. இருந்தாலும் அவர் விடுவதாயில்லை. ஒரே திரை என்றால் தெரு ஒரு சாவித்துவாரம். மூன்று இருந்தால்தான் சந்தியில் தலையைத் திருப்பிப் பார்க்கலாம், பக்கக் கண்ணாடி பக்கத்திலேயே இருக்கும், தெரு ஓட்டுநரைச் சுற்றி வரும்.

குறை என்று பார்த்தால் அந்த இரண்டு பட்டைகள்தான். திரையும் திரையும் சேரும் இடத்தில் கைவிரல் அகலத்துக்குக் கருப்பு பிளாஸ்டிக். அதற்குப் பின்னாலும் படம் ஓடுகிறது என்று மென்பொருளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அப்போதுதான் கோடுகள் வளையாமல் சேரும். அந்த விரல் அகலத்தில் தெரு இருக்கும், ஆள் இருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது.

அவர் ஓட்மாருக்குப் போன் போட்டார். டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், இருபது வருட நண்பன். நாற்பத்தொன்பதாம் தடத்தை அப்படியே இந்த விளையாட்டுக்குள் கட்டிக்கொண்டிருப்பவன் அவன்தான். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு வீட்டையும் போய்ப் படம் எடுத்து, ஒவ்வொரு குப்பைத்தொட்டியையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறான். ஓட்டிப் பார்த்துத் தப்பு சொல்வது நோர்பர்ட்டின் வேலை.

“உன் தெருவுல ஒருத்தி சுவத்துலேர்ந்து முளைக்கிறாடா.”

“எவ?”

“குழந்தை வண்டிக்காரி. சர்ச் முனை திரும்பினதும் வர்ற ஜீப்ரா கிராசிங்குல. இடது பட்டையிலேர்ந்து குதிக்கிறா.”

“என் ஆளுங்க குதிக்க மாட்டாங்க. இருபது மீட்டர் நடந்து வந்துதான் கடப்பாங்க. பட்டை அளவைத் தப்பா போட்டிருப்ப.”

“ஸ்கேல் வச்சு அளந்துதான் போட்டேன். அப்புறம் இன்னொண்ணு. பெட்டிக்கடை வச்சிருக்க, கடைக்காரிய வைக்கல. ஸைனெப் இல்லாம அந்த முனை சர்ச் முனையாடா?”

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“நோர்பர்ட், அந்தத் தடத்துல நான் வச்ச முதல் ஆளே ஸைனெப்தான். கையாட்டுறதுக்கே நாலு நாள் செலவு பண்ணேன். கடை வாசல்ல நிக்கிறா, பாரு.”

நோர்பர்ட் மறுபடி ஓட்டினார். சர்ச் முனையில் திரும்பினார். அந்த நாட்டில் வண்டிகள் போவது வலப்பக்கம், நிறுத்தமும் வலப்பக்கம். பார்வை நேரே, நிறுத்தத்துக்குச் சற்று இப்பால். இடப்பக்கத் திரையில் கடை வந்தது. கோடு போட்ட கூரைத்துணி, வெள்ளை ஓடு பதித்த சுவர், செய்தித்தாள் அடுக்கு. வாசலில் ஆளில்லை. ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக ஓடின. எங்கேயும் ஓர் இடைவெளிகூட இல்லை.

பட்டை அளவைக் குறைத்தார், கூட்டினார், கடைசியில் பூஜ்ஜியமாக்கினார். வீட்டுக் கூரைகள் உடைந்து வளைந்தன. வண்டிக்காரி மட்டும் அதே மாதிரி குதித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு அசல் சர்ச் முனையில், அசல் நிறுத்தத்தில், முன்கதவு வழியாக ஸைனெப் ஏறினாள். டிக்கெட் எடுக்கவில்லை. படியிலேயே நின்றாள்.

“அண்ணே, என் மேல ஏதும் கோவமா?”

“என்னம்மா கேள்வி இது?”

“ஒரு மாசமா கையக் காட்டுறேன். ஒரு தலையாட்டல்கூட இல்ல. நேராப் பாத்துட்டே போறீங்க. எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, நீ காபிக்கு விலைய ஏத்தினதுலேர்ந்து அவர் பேசுறதில்லன்னு.”

“நீ கடைய லேட்டாத் திறக்கிறேன்னு நினைச்சேன்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “அஞ்சு மணிக்கே திறந்துடுவேன்ணே. பதினோரு வருஷமா” என்று மெதுவாகச் சொல்லி இறங்கினாள். பேருந்துக்கு முன்னால் தெருவைக் கடந்தாள். நோர்பர்ட் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தெரு வரை அவள் இருந்தாள். அதற்கப்புறம் தெருதான் இருந்தது.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவர் தலையை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பினார். அவள் கடை வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினார். அன்று மீதி ஷிஃப்ட் முழுக்க ஊர்ந்தே போனார். ஒவ்வொரு கிராசிங்கிலும் நின்றார். ஏன் ஒன்பது நிமிடம் தாமதம் என்று டிப்போவிலிருந்து ரேடியோவில் கேட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் ஓட்மார் ஒரு தட்டு ஆப்பிள் கேக்கோடு வந்தான்.

“ஒரே திரை வாங்கியிருக்கலாம், வளைஞ்சது. பட்டையும் இல்ல, பஞ்சாயத்தும் இல்ல. நீ கேட்டியா?”

“மொதல்ல திரைய மாத்தலாம். இடது ரிப்பேரா இருக்கலாம்.”

இடது திரையை வலப்பக்கமும் வலது திரையை இடப்பக்கமும் மாற்றி வைத்தார்கள். கேபிள்களைப் பிடுங்கிச் செருகினார்கள். நோர்பர்ட் ஓட்டினார், ஓட்மார் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தான். சர்ச் முனை திரும்பியது.

“இதோ நிக்கிறா” என்றான் ஓட்மார். “கையாட்டுறா. அழகா இல்ல?”

நோர்பர்ட் சுவரைப் பார்த்தார். வெள்ளை ஓடுகள்.

“இப்ப வண்டிக்காரி நடைபாதையில வர்றா. உன்னப் பாத்துதான் வர்றா. கீழ இறங்கிட்டா. நோர்பர்ட், பிரேக் போடு. டேய், பிரேக்.”

தெரு காலியாக இருந்தது. பிறகு அவள் இருந்தாள். இந்த முறை பேருந்து நிற்கவில்லை. விளையாட்டு தானே நின்று, திரைகள் சாம்பல் நிறமாயின.

ஓட்மார் கேக்கைக் கீழே வைத்தான். விளையாட்டு எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கும். அதைப் பின்னோக்கி ஓட்டினான். நோர்பர்ட் இடது திரைக்கு நேரே முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கடை வாசலில் பச்சை மேலங்கியோடு ஸைனெப். பொம்மைக் கை மேலும் கீழும். வண்டிக்காரி ஒவ்வோர் அடியாக, யாருக்கும் தெரியும்படி, இருபது மீட்டர் நடந்து வந்தாள்.

“நிறுத்து அதை” என்றார் நோர்பர்ட். படம் உறைந்தது. அவர் பார்வையை நடுத்திரைக்குக் கொண்டுபோனார். ஸைனெப் நின்ற இடத்தில் ஓடுகள் வந்து நிறைந்தன. திரும்பிப் பார்த்தார், அவள். நேரே பார்த்தார், சுவர்.

“உன் கையக் கொண்டா.”

“என்ன?”

“இடது திரை மேல கைய வச்சு, பட்டையப் பாத்து மெதுவா நகத்து. நான் நேராப் பாக்குறேன்.”

ஓட்மார் கையை நீட்டினான். விரல் நுனிகள் முதலில் போயின. பிறகு உள்ளங்கை. நரைமுடி அடர்ந்த முன்கை ஒன்று மணிக்கட்டோடு முடிந்து, காற்றில் நின்றது. ரத்தமில்லை, விளிம்பில்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் தெரு இருந்தது.

“ஒரு கண்ண மூடு” என்றான் ஓட்மார். குரல் மாறியிருந்தது. நோர்பர்ட் ஒன்றை மூடினார், பிறகு மற்றொன்றை. இரண்டிலும் அதே இடம்.

“அப்ப கண்ணுல இல்ல” என்றார்.

 ஓட்மார் கையை மடியில் வைத்து, இருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி தடவினான்.

“உன் லைசென்ஸ் புதுப்பிக்க எப்ப கண் டெஸ்ட்?”

“மார்ச்.”

“இன்னும் அஞ்சு மாசம்” என்றான் ஓட்மார். “தலையத் திருப்பித் திருப்பி ஓட்டினா...”

“நேத்து அப்படித்தான் ஓட்டினேன்.” நோர்பர்ட் உறைந்து நின்ற வண்டிக்காரியைப் பார்த்தார். “நேத்து, திரும்பிப் பாக்கணும்னு தெரியும். அதுக்கு முந்தி ஒரு மாசம் தெரியாதேடா. தினம் பதினாலு தடவை அந்த கிராசிங். இடது பக்கத்துலேர்ந்து யாரு வந்தா, எவ்வளவு பக்கத்துல வந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரு காலியா இருந்துச்சு.”

மேலே போய் முதலில் டிப்போவுக்குப் போன் செய்தார்.

“திங்கக்கிழமை நாப்பத்தொன்பதுக்கு வேற ஆளப் போடுங்க.”

“சளியா?” என்றாள் அங்கே இருந்த பெண்.

“இல்ல. இடது பக்கம் தெரியல.”

“எத்தன நாளைக்குப் போடட்டும்?”

“அதுவும் தெரியல” என்று சொல்லிப் போனை வைத்தார். குட்ரூன் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கார் சாவியை எடுத்தாள். எப்போதும் அவர்தான் காரோட்டுவார். அன்று அவளுக்கு வலப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டார். மருத்துவமனை போகும் வழியெல்லாம் அவளுடைய முகம் வந்து வந்து போனது.

தலையைப் படம் எடுத்தார்கள். பின்மூளையில் வலப்பக்கம், இடப்பக்கப் பார்வையைக் கவனிக்கும் பகுதியில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஓர் இடம் செத்திருந்தது. தெரியாமல் போன இடத்தைச் சுற்றியிருப்பதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளுமாம். ரத்தக் குழாய் அடைத்ததால் வந்தது, ஐந்தாறு வாரம் இருக்கும், அப்போது பெரிய தலைவலி ஏதும் வந்ததா என்று மருத்துவர் கேட்டார். குட்ரூன் கணவரைப் பார்த்தாள்.

பிறகு பார்வையை அளக்கும், வெள்ளைக் குடை மாதிரியான ஓர் இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும், எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சம் மாறும்போதெல்லாம் இயந்திரம் மெல்ல டிக் என்றது. வலப்பக்கம் மின்னியது, அழுத்தினார். மேலே, அழுத்தினார். பிறகு டிக், டிக், டிக். ஒன்றும் மின்னவில்லை.

“இப்ப வருதா, சிஸ்டர்?”

“வந்துட்டிருக்கு” என்றாள் அவள்.

பேருந்து லைசென்ஸ் போனது. அந்த இடம் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். டிப்போவில் தொலைந்த பொருள்கள் அறையில் வேலை கொடுத்தார்கள். குடைகள், ஒற்றைக் கையுறைகள். காலையில் நாற்பத்தொன்பதில் பயணியாகப் போகிறார், இடப்பக்க ஜன்னல் இருக்கையில், முகத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு.

பக்கத்துத் திரைகள் இரண்டையும் குட்ரூன் விற்கச் சொல்லவில்லை. அவற்றைத் துடைத்து வைப்பவள் இப்போது அவள்தான். மதியம் மூன்று மணிக்கு நோர்பர்ட் இறங்குகிறார், ஓட்மாரின் தெருவில் தப்புப் பார்க்க. சர்ச் முனை திரும்பியதும் வேகத்தைக் குறைத்து, ஆளில்லாத கிராசிங்கின் முன்னால் பேருந்தை நிறுத்துகிறார். தலையைத் திருப்பி, சுவரிலிருந்து ஸைனெப் வரும் வரை பார்த்து, கையைத் தூக்குகிறார். பிறகு நேரே பார்த்துக் காத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வெறுந்தெருவிலிருந்து குழந்தை வண்டியின் முன்சக்கரம் வெளியே வருகிறது.